கன்வெர்ட்டர் பெட்டி தரமானது, உள்ளே இருக்கும் பெயர்த்தாள் ஆபத்தானது

ஆன்லைனில் ‘ஆடியோ கன்வெர்ட்டர் கிட்’ என்று தேடினால் வருமே, ஒரு கருவியை இன்னொன்றோடு சேர்க்கும் விதவிதமான பின்களும் குட்டைக் கேபிள்களும் போட்டு, அறை அறையாகப் பிரித்த பிளாஸ்டிக் பெட்டி, அதில் ஒன்றை வாங்கிச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். சவுண்ட் சர்வீஸ் என் தொழில். கோயில் கொடை, கல்யாணம், பள்ளி ஆண்டுவிழா என்று போகிற இடமெல்லாம் யாராவது ஒருவர் லேப்டாப்பையோ கீபோர்டையோ கொண்டுவந்து “அண்ணே, இதைக் கொஞ்சம் மாட்டிவிடுங்க” என்பார். எந்தப் பின் தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரியாது. அதற்காகத்தான் இந்தப் பெட்டி. பல கம்பெனிப் பெயர்களில் இதே சரக்கு வருவதால் பெயர் போடவில்லை.

முதலில் சரக்கு. பின்கள் நன்றாக இருக்கின்றன. 6.35 மி.மீ. பின்னை மிக்ஸரில் (பல சத்தங்களைக் கலந்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் கருவி) செருகினால் ‘டக்’ என்று உட்காருகிறது, ஆட்டிப் பார்த்தாலும் கரகரப்பு இல்லை. ஆர்சிஏ பின்களின் (டிவி, டிவிடி பிளேயரில் சிவப்பு, வெள்ளை நிறத்தில் மாட்டுவது) வெளி வளையம் இறுக்கமாகப் பிடிக்கிறது. இந்த விலைக்குப் பெரும்பாலும் அதுதான் முதலில் தளர்ந்துபோகும், இதில் தளரவில்லை. குறை என்று சொன்னால், குட்டைக் கேபிள்களின் இரண்டு முனையும் வார்ப்பு பிளாஸ்டிக். உள்ளே ஒயர் அறுந்தால் பிரித்துச் சால்டர் வைக்க வழியில்லை, வெட்டி எறிய வேண்டியதுதான். மரை கழற்றிப் பிரிக்கிற பின் போட்டிருந்தால் இன்னும் நூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கியிருப்பேன்.

பிரச்சினை, மூடிக்குள் ஒட்டியிருக்கும் பெயர்த்தாளில். எந்த அறையில் எந்தப் பின் என்று அச்சடித்திருக்கிறார்கள். அதை நம்பி ஒரு புதுப் பையன் மேடையில் வேலை பார்த்தால் நிகழ்ச்சி கெட்டுவிடும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தாளில் ஒரு பின்னுக்கு ‘ஆக்ஸ் பின்’ என்று போட்டிருக்கிறது. ஆக்ஸ் என்று ஒரு பின்னே கிடையாது. ஆம்ப்ளிஃபயரில் கூடுதலாக ஒரு கருவியை இணைக்க விட்டிருக்கும் வழிக்குத்தான் ஆக்ஸ் என்று பெயர். அந்த வழி காரில் 3.5 மி.மீ. ஓட்டையாக இருக்கும், வீட்டு ஆம்ப்ளிஃபயரில் இரண்டு ஆர்சிஏ ஓட்டையாக இருக்கும். அடுத்த அறையில் ஆர்சிஏ பின்னுக்கு ‘ஃபோன் பின்’ என்று பெயர். ஆர்சிஏவின் இன்னொரு பெயர் ஃபோனோ. ரெக்கார்டு பிளேயரை, அதாவது ஃபோனோகிராஃபை, ரேடியோவோடு சேர்க்க வந்த பின் அது. ஃபோன் பின் என்பது பெரிய 6.35. டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் லைன் மாற்றிக் கொடுக்கக் கையில் வைத்திருந்த அதே பின்தான், 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வடிவம் பெரிதாக மாறாமல் இன்று கிட்டாரில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரே ஒரு எழுத்து வித்தியாசம்தான், ஆனால் இந்தத் தாளைப் பார்த்து ஆர்டர் போட்டால் வீட்டுக்கு வருவது வேறு பொருள்.

அளவும் அப்படியே. ஒரு அறையில் 6.3, இன்னொன்றில் 6.5, கேபிளில் கால் இன்ச் என்று எழுதியிருக்கிறது. மூன்றும் ஒன்றேதான். கால் இன்ச் என்பது 6.35 மி.மீ. நம் ஊர்க் கடைகளில் பி-38 என்பார்கள். சின்ன 3.5-க்கு ஈபி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் “பி-38 மோனோ மேல்” என்று கேட்டால் கடைக்காரர் மறு கேள்வி கேட்காமல் எடுத்துப் போடுவார். படித்தவர்கள் இந்தப் பெயர்களைப் பார்த்துச் சிரிப்பதுண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. எவ்வளவு பருமன், மோனோவா (ஒரே சத்தம்) ஸ்டீரியோவா (இடது, வலது என்று இரண்டு), மேலா (male, செருகும் பக்கம்) ஃபீமேலா (அதை வாங்கிக்கொள்ளும் பக்கம்) என்ற மூன்றும் அந்த மூன்று சொல்லில் வந்துவிடுகிறது. பளபளவென்று அச்சடித்த தாளில் அது வரவில்லை.

மேல், ஃபீமேல் விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸ்எல்ஆர் பின் தெரியும்தானே, மைக் கேபிளில் இருக்கும் மூன்று முள் பின். கேனன் எலெக்ட்ரிக் என்ற அமெரிக்கக் கம்பெனி கொண்டுவந்தது, அதனால் பழைய சவுண்ட்காரர்கள் இன்றும் கேனன் என்றே சொல்வார்கள். தாளில் இதன் மேல் எது, ஃபீமேல் எது என்பது தலைகீழாக இருக்கிறது. ஏன் இப்படி ஆகிறது என்று புரிகிறது. முள் இருக்கும் பக்கத்தில் வெளிக்கூடு குழிந்திருக்கும், முள் அதன் உள்ளே மறைந்திருக்கும். கூட்டைப் பார்த்தவர்கள் அதை ஃபீமேல் என்று எழுதிவிட்டார்கள். பார்க்க வேண்டியது கூட்டை அல்ல, முள்ளை. முள் இருந்தால் மேல். சத்தம் எப்போதும் முள் பக்கத்திலிருந்து வெளியே வரும். மைக்கின் அடியில் முள் இருக்கிறது, மிக்ஸரில் ஓட்டை இருக்கிறது. இதை மனசில் வைத்துக்கொண்டால் எந்த கேபிளும் குழப்பாது.

அப்புறம், இந்தப் பெட்டியில் மிக மோசமான பெயர்: ‘ஸ்டீரியோ கேபிள்’. ஒரு முனையில் எக்ஸ்எல்ஆர் மேல், மறுமுனையில் 3.5 பின். மொபைலிலிருந்து மிக்ஸருக்குப் பாட்டுப் போட இதைவிட வசதி உண்டா என்று தோன்றும். போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் புதிதாகத் தொழிலுக்கு வந்த தம்பி ஒருவர் கோயில் திருவிழாவில் இதே மாதிரி கேபிளை மாட்டிவிட்டு எனக்கு ஃபோன் செய்தார். “அண்ணே, பாட்டுல ஆள் குரலே வரலண்ணே. தபேலாவும் வயலினும் எங்கேயோ கிணத்துக்குள்ள இருந்து வருது.” மொபைலை மாற்றிப் பார்த்திருக்கிறார், பாட்டை மாற்றிப் பார்த்திருக்கிறார், ஆம்ப்ளிஃபயரையே மாற்றியிருக்கிறார். “மிக்ஸருக்கு என்ன ஒயர் போட்டிருக்கே?” என்று கேட்டேன். “கேனன் டு ஸ்டீரியோ பின்ணே.” அதைக் கழற்றிவிட்டு, 3.5 ஸ்டீரியோவிலிருந்து இரண்டு பி-38 மோனோவாகப் பிரியும் கேபிளை இரண்டு சேனலில் போடச் சொன்னேன். குரல் வந்துவிட்டது.

காரணம் இதுதான். எக்ஸ்எல்ஆரின் மூன்று முள்ளுக்கும் 1, 2, 3 என்று எண் உண்டு. 1 எர்த். 2-லும் 3-லும் ஒரே சத்தம், ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக வரும். மிக்ஸர் 2-லிருந்து 3-ஐக் கழிக்கும். நூறு அடி மைக் ஒயரில் வழியில் ஏறுகிற இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும், கழிக்கும்போது அது காணாமல் போய்விடும், மைக் சத்தம் மட்டும் நிற்கும். பேலன்ஸ்டு என்பது இந்த ஏற்பாடு. இந்த கேபிளில் 3.5 பின்னின் நுனி 2-க்கும், நடு வளையம் 3-க்கும் போகிறது. மொபைல் பாட்டில் நுனியில் வருவது இடது பக்கம், வளையத்தில் வருவது வலது பக்கம். பாடகர் குரலை நடுவில் நிறுத்துவதற்காக இடது, வலது இரண்டிலும் ஒரே அளவில் பதிந்திருப்பார்கள். மிக்ஸர் கழிக்கும்போது இரண்டிலும் ஒன்றாக இருக்கும் குரலையும் இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது. மிச்சம் நிற்பது ஓரத்தில் இருந்த வாத்தியமும் எக்கோவும்.

பின் ஒன்றேதான், ஆனால் வேலை இரண்டு. மூன்று தொடுபகுதி உள்ள அந்தப் பின்னில் இரண்டு தனித்தனிச் சத்தமும் போகலாம், அது ஸ்டீரியோ. ஒரே சத்தம் நேரும் தலைகீழுமாகவும் போகலாம், அது பேலன்ஸ்டு மோனோ. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது. இந்த கேபிள் இரண்டாவது வகை வேலைக்கு ஒயர் செய்யப்பட்டது. அதன் மேல் ‘ஸ்டீரியோ’ என்று எழுதி விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பெட்டியில் இதன் ஜோடி ஒன்றும் இருக்கிறது, எக்ஸ்எல்ஆர் ஃபீமேலிலிருந்து 3.5. வீடியோ எடுப்பவர்கள் மிக்ஸரிலிருந்து கேமராவுக்குச் சத்தம் எடுக்க இதைத்தான் தேடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். கேமரா ஸ்டீரியோவாக எடுக்கும்போது இடதில் நேர்ச் சத்தமும் வலதில் தலைகீழும் பதிவாகும். ஹெட்ஃபோனில் கேட்டால் ஏதோ அகலமாக, தலைக்கு வெளியே கேட்பதுபோல் இருக்கும், தப்பு தெரியாது. கல்யாண வீட்டுக்காரர் ஒற்றை ஸ்பீக்கர் உள்ள மொபைலில் போட்டால் இரண்டும் கூடி ஒன்றையொன்று அழித்துவிடும். ஐயர் மந்திரம் சொல்லும் வாய் அசையும், சத்தம் இருக்காது. பதிவான பிறகு ஒரு பக்கத்தை எடிட்டிங்கில் எடுத்துவிட்டால் சரியாகும், ஆனால் அது தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

இன்னொரு எச்சரிக்கை. முதல் கேபிளை மொபைலில் மாட்டும்போது மிக்ஸரில் ஃபான்டம் பவர் (மைக் ஒயர் வழியாகவே மைக்குக்கு அனுப்பும் கரண்ட்) ஆன் ஆகியிருந்தால் 48 வோல்ட் 2, 3 வழியாக மொபைலின் ஹெட்ஃபோன் ஓட்டைக்கே திரும்பி வரும். தாளில் இது பற்றி ஒரு வரி இல்லை.

வாங்கியதும் செய்ய வேண்டியது மல்ட்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்துச் சோதிப்பது. தொடும் இரண்டு இடமும் உள்ளே இணைந்திருந்தால் பீப் அடிக்கும். எக்ஸ்எல்ஆரின் முள் அல்லது ஓட்டை ஓரத்தில் 1, 2, 3 என்று பொடி எழுத்தில் வார்த்திருப்பார்கள், மொபைல் டார்ச் அடித்தால் தெரியும். 2-ல் மீட்டரின் ஒரு கம்பி, 3.5-ன் நுனியில் மறு கம்பி. பீப் அடித்தால் அடுத்தது 3, வளையம். இரண்டும் அடித்தால் அது பாட்டுக்கு ஆகாது. மற்றப் பின்களுக்கு மீட்டர்கூட வேண்டாம், பின்னைச் சுற்றியுள்ள கறுப்புக் கோடுகளை எண்ணினால் போதும். ஒரு கோடு மோனோ. இரண்டு கோடு ஸ்டீரியோ அல்லது பேலன்ஸ்டு. மூன்று கோடு மைக்கோடு சேர்ந்த மொபைல் ஹெட்செட். அந்த மூன்று கோட்டுப் பின்னிலும் எர்த்தும் மைக்கும் இடம் மாறிய இரண்டு வகை உண்டு, பெட்டியில் வருவது இப்போதைய மொபைல்களுக்குப் பொருந்தும் வகைதான். பழைய நோக்கியா செட் சிலவற்றில் சேராது.

சரக்குக்கு நாலு நட்சத்திரம், தாளுக்கு ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன். சவுண்ட் தெரிந்தவர்கள் தயங்காமல் வாங்கலாம், தனித்தனியாக வாங்கினால் இதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும். வீட்டு டிவியை ஹோம் தியேட்டரில் சேர்க்க ஒரே ஒரு பின் தேடுகிறவர்களுக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. இரண்டு முனையையும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போங்கள். விற்பவர்கள் அடுத்த லாட்டில் தாளை மாற்றி அச்சடிக்க வேண்டும், குறைந்தபட்சம் அந்த இரண்டு கேபிள்களுக்காவது ‘பேலன்ஸ்டு மோனோ, பாட்டுக்கு அல்ல’ என்று போட வேண்டும். அதுவரை வாங்குகிறவர்கள் அந்த இரண்டிலும் சிவப்பு டேப் சுற்றித் தனியாக வைத்துவிடுங்கள், உதவிக்கு வரும் பையன்களின் கை முதலில் அதற்குத்தான் போகும்.