மூன்றடுக்குக் காற்றுப்புகாப் பை: 8 மாதம் தானியம் போட்டு வைத்துப் பார்த்ததில்

மருந்து வைத்தும் வண்டு விழுவது நிற்காமல் சலித்துப்போய்தான் இந்தப் பையை வாங்கினேன். 100 கிலோ பிடிக்கும் பை, மொத்தம் 6. நாலில் மக்காச்சோளம், இரண்டில் தட்டைப்பயறு. 8 மாதம் கழித்துப் பிரித்ததில் 4 பை அருமை, ஒன்று சுமார், ஒன்று படுமோசம். அந்த இரண்டும் என் தப்புதான், பையைக் குறை சொல்ல முடியாது.

பார்க்கச் சாதாரண பிளாஸ்டிக் சாக்கு மாதிரிதான் இருக்கும். உள்ளே கெட்டியான பாலித்தீன் உறை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று, தனித்தனியாகக் கட்ட வேண்டும். தானியத்தோடு உள்ளே மாட்டிக்கொண்ட வண்டும் புழுவும் அங்கே இருக்கிற ஆக்சிஜனை மெல்ல மெல்லத் தீர்த்துவிடும், அது 5 சதவீதத்துக்குக் கீழே போனதும் தின்பதை நிறுத்திவிடும். தானியத்துப் பூச்சி எங்கும் போய்த் தண்ணீர் குடிப்பதில்லை, தின்றதையும் ஆக்சிஜனையும் வைத்து உடம்புக்குள்ளேயே நீரை உண்டாக்கிக்கொள்கிறது. அதனால் மூச்சு முட்டிச் சாவதைவிட நா வறண்டு சாவதுதான் அதிகம் என்கிறார்கள். 1980களின் கடைசியில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஆப்பிரிக்க நாடான கேமரூனில் தட்டைப்பயறுக்காக ஆரம்பித்த வேலை இது. என் பயறு இரண்டு பையும் போட்டபடியே இருந்தது, ஓட்டை விழுந்த பயறு என்று கையில் அகப்பட்டது ரொம்பக் கொஞ்சம். விதைக்கு எடுத்ததும் நன்றாக முளைத்தது.

சரி, சுமாரான பை. மழை வருகிறதே என்று அவசரத்தில் காய்ச்சல் போதாத மக்காச்சோளத்தை அதில் கொட்டிக் கட்டிவிட்டேன். சாதாரண சாக்கில் கொஞ்சமாவது காற்றாடும், இதில் ஈரம் வெளியே போக வழியே இல்லை. பிரித்ததும் புளித்த வாடை, ஓரத்தில் பூஞ்சணம் கட்டி கட்டியாக. பூஞ்சணம் பிடித்த சோளத்தில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது, அதனால் அந்தப் பகுதியைக் கோழிக்குக்கூடப் போடவில்லை. ஈரம் 13 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரம் அளக்கும் மீட்டர் இல்லாதவர்கள் நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் தானியமும் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்கிப் பாருங்கள், உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் காய வேண்டும். இதைப் பையின் மேல் அச்சடித்திருக்கலாம். அதில் இருப்பதெல்லாம் எப்படி முறுக்கிக் கட்டுவது என்ற படம்தான்.

மோசமான பையின் கதை இன்னும் எரிச்சல். ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு லாரியில் ஏற்றும்போது மூட்டையைக் கொக்கி போட்டு இழுத்திருக்கிறார்கள். வெளிச்சாக்கில் கண்ணுக்கே தெரியாத ஓட்டை, உள்ளே இரண்டு உறையும் பொத்தல். பிரித்தால் பாதி மாவு, மேலே வண்டு ஊர்கிறது. ஆக, வண்டியில் போகிற தானியத்துக்கு இது ஆகாது. சாதாரண சாக்கிலேயே ஏற்றுங்கள், தையல் பிரிந்த சாக்கை ஒதுக்குங்கள், லாரித் தளத்தில் தார்ப்பாய் விரித்தால் வழியில் சிந்துவதையாவது கூட்டி அள்ளலாம். சேர்ந்த இடத்தில் மறுபடி காயவைத்து, அப்புறம் இந்தப் பையில் போடுங்கள்.

வேறு குறைகளும் உண்டு. எலிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மக்காச்சோளத்தில் வரும் பெரிய துளைப்பான் வண்டு உறையையே துளைக்கக்கூடியது, எனவே போடும் முன் சலித்துவிடுவது நல்லது. தினமும் திறந்து ஒரு படி எடுப்பவர்களுக்கும் சரிப்படாது, திறக்கும் ஒவ்வொரு தடவையும் புதுக்காற்று உள்ளே போய்விடும். அன்றாடத் தேவைக்குத் தனியாகக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் இதில் கட்ட வேண்டும்.

விலை சாதாரண சாக்கைவிட அதிகம்தான், ஆனால் பொத்தல் விழாதவரை அடுத்த அறுவடைக்கும் ஆகும். உறையில் காற்றடைத்து வாயை முறுக்கிப் பிடித்து அமுக்கிப் பார்த்தேன், 5 பை தேறின. கொக்கி பட்ட உறையை வெட்டி, காயப்போட்ட தானியத்துக்கு மழை வந்தால் மூட வைத்திருக்கிறேன்.