விஷமம் என்ற சொல்லைக் காப்பாற்றிய அச்சகம்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் உள்ள ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். வீட்டிலும் தெருவிலும் தமிழ், அலுவலகப் பேரேட்டில் மலையாளம் என்று இரு மொழிகளுக்கு நடுவே இருந்துகொண்டு 20 ஆண்டுகளாக எழுதிவந்த கவிதைகளில் 61ஐத் தேர்ந்தெடுத்து, சென்ற ஆண்டு பொள்ளாச்சியில் ஒரு சிறு அச்சகத்தில் நூலாக்கினேன். கூடுதல் வேலைகளை ஏற்க ஆள்பலம் இல்லை என்று உரிமையாளர் சொன்னதால் அச்சகத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஆனாலும் கவிதை நூலை அச்சுக்குக் கொடுப்பவர் எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும் என்பதை அவர்களுடைய வேலையைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். மற்றவர்களுக்கும் அது பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பணம் கட்டிச் சேரும் ஒரு தொகைநூலில் என் நான்கு கவிதைகள் வெளிவந்தன. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை அவர்கள் யூனிகோடுக்கு மாற்றியிருந்தார்கள். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறியின் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசைதான். ஆகவே ‘வெ’க்குப் பின்னால் ‘ள்’ வரும் இடங்களில் எல்லாம் மென்பொருள் அதை ‘வௌ’ என்று எடுத்துக்கொண்டு, மிஞ்சிய புள்ளியை ஒரு வெற்று வட்டத்தின்மேல் தனியே நிறுத்திவிட்டது. வெள்ளாமையைப் பற்றிய கவிதையில் அந்தச் சொல் வந்த ஒன்பது இடங்களும் அப்படியே சிதைந்தன. மெய்ப்புத் திருத்தியவரோ, எங்கள் ஊர்ப் பேச்சில் விருந்தாளிகளைக் குறிக்கும் ‘ஒறம்பரை’யை என்னைக் கேட்காமலேயே ‘உறவினர்’ ஆக்கியிருந்தார். அந்த நூலை நான் யாரிடமும் காட்டவில்லை. தன் கவிதை அச்சில் வந்தால் மகிழ்ச்சி தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பொள்ளாச்சி அச்சகத்தில் விலை பேசுவதற்கு முன்பே எட்டுப் பக்கங்களை மாதிரியாக வடிவமைத்துக் காட்டினார்கள். என் கவிதைகளில் நீண்ட வரிகள் அதிகம். கிரௌன் என்ற சிறிய நூல் அளவில் அவை பாதியில் மடிந்து அடுத்த வரியில் விழுந்தன. மடிந்த துண்டு எது, நான் எழுதிய புதுவரி எது என்று படிப்பவருக்குத் தெரியவில்லை. எழுத்தைச் சிறிதாக்கினால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். அச்சகத்தில் பக்க வடிவமைப்பைச் செய்த இளம்பெண் அதை ஏற்கவில்லை. நூலை அகலம் கூடிய டெம்மிக்கு மாற்றி, அதிலும் அடங்காத வரிகளின் மடிந்த பகுதியை மட்டும் உள்தள்ளி வைத்து, பிறகு இரண்டு வடிவங்களையும் வாய்விட்டுப் படித்துக் காட்டினார். அவர் மூச்சு விட்ட இடமும் நான் எழுதும்போது மூச்சு விட்ட இடமும் ஒன்றாகவே இருந்தன. என் கவிதையை ஓர் அந்நியக் குரலில் நான் கேட்டது அதுவே முதல்முறை. நூலே உருவாகாத அந்த நேரத்தில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி அடைந்த மகிழ்ச்சியை, பின்னால் நூலைக் கையில் வாங்கியபோது அடைந்த மகிழ்ச்சிக்குக் கொஞ்சமும் குறைவாகச் சொல்ல மாட்டேன்.

இரண்டாம் மெய்ப்பின்போது அவர் தொலைபேசியில் அழைத்தார். “அக்கா, 33ஆம் பக்கத்துல அந்த அம்மா விஷமம் பண்ணினாங்களா, இல்ல வருத்தப்பட்டாங்களா?” என்று கேட்டார். தமிழில் விஷமம் என்றால் குறும்பு. மலையாளத்தில் அதுவே மனவருத்தம். மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் வாழும் நாங்கள், தமிழ் பேசும்போதே இரண்டாம் பொருளில் அதைச் சொல்லிப் பழகியவர்கள். மகனை வளைகுடாவுக்கு அனுப்பிய ஒரு தாயைப் பற்றிய கவிதையில் ‘வருத்தம்’ என்று மாற்றினால் பொருள் நிற்கும், அந்தத் தாய் இருக்கமாட்டாள். சொல்லை அப்படியே விட்டுவிட்டு, நூலின் கடைசியில் ஒரு பக்கத்துக்குச் சொற்குறிப்பு சேர்க்கலாம் என்று யோசனை சொன்னவரும் அவரே. கவிதைக்கு விளக்கம் தேவையா என்று முதலில் தயங்கினேன். இன்று அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசாத வாசகர் குறைவு.

96 பக்கங்கள், அதாவது 16 பக்கம் கொண்ட அச்சுத்தாள் மடிப்பான ஃபாரம் ஆறு, 300 படிகள். வடிவமைப்பும் அட்டையும் சேர்த்து 22,500 ரூபாய் ஆயிற்று. ஒரு படிக்கு 75 ரூபாய் என்பது எனக்கு நியாயமாகவே தோன்றியது. சர்வதேசத் தர நூல் எண் (ISBN) தேவையென்றால், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் எழுத்தாளரே விண்ணப்பித்துக் கட்டணமின்றிப் பெறலாம் என்று சொல்லி, அதற்கென்று தனியாகப் பணம் வாங்காமல் விண்ணப்பிக்கும் வழியையும் உரிமையாளர் காட்டினார். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பிற நூலகங்களுக்கும் வெளியிடுபவர் தம் செலவில் படி அனுப்ப வேண்டும் என்பதையும் அவர்தான் நினைவூட்டினார். கன்னிமாராவுக்கான உறையின்மேல் முகவரி எழுதியபோது என் கை நடுங்கியது.

குறைகளும் உண்டு. சொன்ன நாளுக்கு ஒன்பது நாட்கள் கழித்தே படிகள் கிடைத்தன. அட்டையின் லேமினேஷன் ஈரக்காற்றில் சற்றே சுருள்கிறது. பக்கங்களைத் தைக்காமல் பசையால் மட்டும் ஒட்டியிருப்பதால், நூலை அகல விரித்துப் படிப்பவர்களிடம் முதுகு விட்டுவிடுமோ என்ற கவலை இருக்கிறது. தைத்துத் தரக் கூடுதலாக எவ்வளவு ஆகும் என்று நான் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும்.

ஆசிரியராக இருந்து கேரளத்தின் ஊரெங்கும் வாசகசாலைகளை வளர்த்த பி. என். பணிக்கரின் நினைவுநாளான ஜூன் 19ஐ இங்கே வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று மாலை எங்கள் ஊர் வாசகசாலையில் நூலை வெளியிட்டோம். வந்தவர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, மலையாளவழியில் படித்தவர்கள். அவர்களுக்காக நான் ஆறு கவிதைகளை வாசித்தேன். விஷமம் என்ற சொல் வந்த இடத்தில் சொற்குறிப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. தினமும் காலையில் எங்கள் சங்கத்தில் பால் ஊற்றும் ஓர் அம்மா, கூட்டம் முடிந்ததும் வந்து, “அந்தத் தாய் கதைய இன்னொருக்கா படி கண்ணு” என்றார். மற்றவர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் ஒருவருக்காக மறுபடியும் படித்தேன். ஒரு படிக்கு 120 ரூபாய் என்று அன்று 47 படிகள் விற்றன. அந்த அம்மாவும் ஒன்று வாங்கினார். மூணாறில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் தம் தங்கைக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். மூன்று வாரங்களுக்குப் பிறகு, முன்பின் அறியாத ஒருவர் அந்தத் தோட்டத்திலிருந்து எனக்குக் கடிதம் எழுதினார். நூல் அவருடைய குடியிருப்பு வரிசையில் ஐந்தாவது வீட்டுக்குப் போயிருந்தது.

இப்போது 60 படிகள் மீதம் இருக்கின்றன. 41ஆம் பக்கத்தில் ‘கிணற்றுப் படி’ என்று இருக்கவேண்டியது, ஒற்று விடுபட்டுக் ‘கிணற்று படி’ என்று இருப்பதை மூன்று வாசகர்கள் தனித்தனியாகச் சுட்டிக்காட்டினார்கள். அவர்களில் ஒருவர் மூணாறுக்காரர். கோப்பைப் பத்திரமாக வைத்திருப்பதாகவும், அடுத்த அச்சில் திருத்தித் தருவதாகவும், அதற்குக் கட்டணம் கிடையாது என்றும் அச்சகத்தில் சொல்லியிருக்கிறார்கள்.