யார்க்‌ஷயர் பண்ணையில் மேய்ப்பு நாய்களுக்கான ஒரு நாள் வகுப்பு

எங்கள் வீட்டு நாய் பார்டர் காலி என்னும் மேய்ப்பு இனம்; ஒன்றரை வயது; பெயர் மணி. தோட்டத்தில் ஓடியாடும் பிள்ளைகளைச் சுற்றி வளைத்து ஒரு மூலையில் சேர்ப்பதும், சைக்கிளைக் கண்டால் தரையோடு தரையாகப் பதுங்குவதும் கெட்ட பழக்கங்கள் என்றே எண்ணி, ஓராண்டாக அதட்டிப் பார்த்தோம். நகரத்துப் பயிற்சியாளர் ஒருவர் தின்பண்டம் காட்டிக் கவனத்தைத் திருப்பச் சொன்னார். அது ஒரு வாரம்கூடப் பலிக்கவில்லை. அதன் பிறகே இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து புறப்பட்டு, யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைப்பகுதியில் ஓர் ஆட்டுப் பண்ணை நடத்தும் இந்த வகுப்பில் சேர்ந்தோம்.

காலையில் ஒரு மணி நேரம் பேச்சு. வகுப்பை நடத்தியவர் நாற்பது ஆண்டுகளாக ஆடு வளர்ப்பவர். எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். ஓநாய் இரையைக் கூர்ந்து நோக்கும், பதுங்கி நெருங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். இந்த வரிசையின் முற்பகுதி வலுத்து, கவ்வுதலும் கொல்லுதலும் அடங்கும்படி இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லைப்புற மேய்ப்பர்கள் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனமே பார்டர் காலி. 1893இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்னும் நாய் குரைக்காமல், அமைதியாக, பார்வையின் அழுத்தத்தாலேயே ஆடுகளை நகர்த்தியது. இன்றைய காலிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் வம்சாவளி அந்த ஒரு நாயிடம் போய்ச் சேர்கிறது. அந்தப் பார்வையை மேய்ப்பர்கள் ‘கண்’ என்றே அழைக்கிறார்கள். கண் குறைந்தால் ஆடு மதிக்காது. மிகுந்தாலோ நாய் பார்த்த இடத்திலேயே உறைந்து நின்றுவிடும்.

வட்டப் பட்டிக்குள் ஐந்து ஸ்வேல்டேல் இனச் செம்மறி ஆடுகளுடன் மணியை விட்டபோதுதான் இவற்றின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது. முதல் அரை நிமிடம் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அது விளையாட்டு, பொறுத்திருங்கள் என்றார் அவர். பிறகு வால் கீழே தாழ்ந்தது. தலை தோளுக்குக் கீழே இறங்கியது. ஒரு முன்னங்காலை மடக்கித் தூக்கியபடி அப்படியே நின்றாள். ஆடுகள் ஐந்தும் ஒன்றாகத் தலையைத் திருப்பின. அவர் என்னைக் கடிகாரத்தின் ஆறாம் எண்ணில் நிறுத்தியிருந்தார். யாரும் சொல்லாமலே மணி பன்னிரண்டுக்குப் போயிருந்தாள். நான் ஏழுக்கு நகர்ந்தால் அவள் ஒன்றுக்கு நகர்ந்தாள். மந்தையை நடுவில் வைத்து, எனக்கு நேர் எதிரே நின்று, அதை என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பதே அவளுடைய உள்ளுணர்வின் மையம். பிள்ளைகளை மூலையில் சேர்த்ததும் இதே வேலைதான். அதற்காக இத்தனை நாள் அதட்டியதை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது.

வலஞ்சுழியாகப் போக ‘கம் பை’, இடஞ்சுழியாகப் போக ‘அவே டு மீ’ என்னும் கட்டளைகளை அவர் பிற்பகலில்தான் சொல்லிக் கொடுத்தார். நாய் தானாகவே வலஞ்சுழியாக வளையும் கணத்தில் ‘கம் பை’ என்று சொன்னால், செயலுக்குப் பெயர் வைத்தது போல அது நாயின் மனத்தில் பதிந்துவிடுகிறது. நான் கண்ட வகுப்புகளில் இந்த ஒழுங்கை இவ்வளவு பொறுமையாகக் கடைப்பிடித்தது இது ஒன்றே. எல்லா மேய்ப்பு நாய்களுக்கும் இதே பாணி இல்லை என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார்: நியூசிலாந்தின் ஹண்டவே உரக்கக் குரைத்து ஓட்டும், ஆஸ்திரேலிய மாட்டு நாய் குதிகாலைக் கடித்து நகர்த்தும். நம் ஊர்க் கிடைகளில் காவல் கிடக்கும் நாய்களின் தொழிலும் வேறு; அங்கே ஆட்டை மறிப்பது மனிதர் கையில் இருக்கிறது.

குறைகளும் உண்டு. ஆறு நாய்களைச் சேர்த்திருந்ததால் ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் வீதம் இரண்டு முறைதான் வாய்த்தது. இளம் நாய் விரைவில் களைத்துவிடும் என்பது உண்மையானாலும், காத்திருந்த நேரம் மிக அதிகம். பட்டியில் இருந்த ஆடுகள் நாய்களுக்கு நன்கு பழகியவை. மிரண்டால் நேராக மனிதனின் முழங்காலிடம் வந்து ஒட்டிக்கொள்பவை. தொடக்கக்காரருக்கு இது வசதிதான் என்றாலும், திறந்த மலைச்சரிவில் மந்தை எப்படிச் சிதறும் என்பதை ஒருமுறையாவது அவருடைய சொந்த நாயை ஓட்டிக் காட்டியிருக்கலாம். தொலைவில் மேயும் ஆடுகளைக் கலைக்காமல் அகன்று வளைந்து பின்புறம் சென்று சேரும் ஓட்டமே இந்த இனத்தின் அழகு. அதைச் சொல்லால் மட்டும் கேட்டுத் திரும்பியது ஏமாற்றம்தான்.

ஆடே வளர்க்காத வீட்டில் காலி வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த வகுப்பு மிகவும் பயன்படும். நாய்க்கு ஏறத்தாழ ஒரு வயதாவது நிரம்பியிருக்க வேண்டும். கூப்பிட்டால் வரவும் சொன்னால் படுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். நாடாப்புழு மருந்து கொடுத்ததற்கான சான்றை முன்கூட்டியே கேட்டு வாங்கினார்கள். மேய்ச்சல் நிலத்தின் வழியே ஆடுகளுக்குத் தொற்று போகாமலிருக்க அது அவசியம். மணியை மறுபடி அழைத்துச் செல்ல அடுத்த மாதத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். இந்த முறை, நான்கு நாய்களுக்கு மேல் சேர்க்காத வார நாளாகக் கேட்டுப் பெற்றேன்.