செட்டப்புக்குக் கொடுத்தேன், பிக்கப் மாறி வந்தது

சென்னையில் எலக்ட்ரிக் கிட்டாரை சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. ஃப்ரெட் லெவலிங்கும் (கழுத்தில் இருக்கும் உலோகக் கட்டைகளை மட்டப்படுத்துவது) செட்டப்பும் (வாசிக்க வசதியாகச் சரிசெய்வது) செய்யச் சொல்லிக் கொடுத்த என் அமெரிக்கன் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) எலக்ட்ரிக் கிட்டாரில் இருந்த மூன்று பிக்கப்பையும் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தமும் கம்பிச் சுருளும்) உருவிக்கொண்டு, ஆன்லைனில் ஆயிரம் ஆயிரத்தைந்நூறுக்கு செட்டாகக் கிடைக்கும் செராமிக் பிக்கப்புகளை மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் துளியும் தெரியாது. மேலே இருக்கும் வெள்ளை மூடிகள் என்னுடையவையேதான், லேசாக மஞ்சள் பூத்த அதே மூடிகள்.

கிட்டாரைத் திரும்ப வாங்கப் போனபோது கடைக்காரர் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்து, பிரிட்ஜ் பக்க (பாலத்துக்கு அருகில் இருக்கும்) பிக்கப்பில் நாலு ரிஃப் வாசித்துக் காட்டி "எப்படி சார் கத்துது பாருங்க" என்றார். அவ்வளவு கெயின் (ஒலிப் பெருக்கம்) வைத்தால் எந்த பிக்கப்பும் கத்தத்தான் செய்யும். வீட்டுக்கு வந்து டிஸ்டார்ஷன் இல்லாமல் கிளீனில், வால்யூமை ஏழுக்குக் குறைத்து நெக் பிக்கப்பில் (கழுத்துப் பக்கம் இருப்பது) ஒரு கார்டு போட்டதும் சுருக்கென்றது. அந்த மணிச் சத்தம் போய், தகரத்தைத் தட்டினது மாதிரி ஒரு சத்தம். சரி, புதுக் கம்பி, அதனால் இருக்கும் என்று, எந்த பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை ஸ்விட்சை 2-க்குத் தள்ளினேன். கொர்ர்ர் என்று ஹம் (கரண்டிலிருந்து வரும் இரைச்சல்).

சந்தேகம் அங்கேதான் உறுதியானது. இப்போதைய ஸ்ட்ராட்டுகள் பெரும்பாலானவற்றில் நடு பிக்கப்பின் கம்பி சுற்றிய திசையும் காந்த முனையும் மற்ற இரண்டுக்கும் எதிராக இருக்கும். அதனால் 2, 4 இரண்டு நிலைகளிலும் பக்கத்து பிக்கப்போடு சேர்ந்து ஒலிக்கும்போது ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும், தந்தியின் ஒலி மட்டும் நிற்கும். என் கிட்டாரில் அப்படித்தான் இருந்தது. திரும்பி வந்த கிட்டாரில் ஐந்து நிலையிலும் ஒரே ஹம். (1954-இல் வந்த முதல் ஸ்ட்ராட்டில் இந்த ஏற்பாடு கிடையாது, ஸ்விட்சே மூன்று நிலைதான். பழைய பாணி மாடல் வைத்திருப்பவர்கள் இதை வைத்துக் கடையோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள்.)

போன் செய்தால் "உங்க வீட்ல எர்த்திங் சரியில்ல சார்" என்றார்கள். நம் ஊரில் எதற்கும் இதைச் சொல்லலாம், பாதி வீடுகளில் உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) முன்னால் கிட்டாரோடு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். திரும்பும் பக்கத்துக்கு ஏற்ப ஹம் கூடிக் குறைந்தால் அது பிக்கப்பின் கம்பிச் சுருள் (காயில்) பிடிக்கும் ஹம், எர்த்திங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எனக்கு ஒரு பக்கம் திரும்பினால் கிட்டத்தட்ட காணாமலே போனது.

பிக்கப்புகள் பொருத்தியிருக்கும் முன்பக்கத் தகடான பிக்கார்டைக் கழற்றினேன். என் பிக்கப்புகளில் மேலும் கீழும் கறுப்பு ஃபைபர் தகடு, அவற்றைத் துளைத்து நிற்கும் ஆறு ஆல்நிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலவை) காந்தக் குச்சிகள். இப்போது உள்ளே இருந்தவை பிளாஸ்டிக் வார்ப்பு, அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு செராமிக் காந்தக் கட்டி, பசை ஓரத்தில் வழிந்து காய்ந்திருக்கிறது. மேலே தெரியும் ஆறு குச்சிகளும் வெறும் இரும்பு. ஸ்விட்சில் வைத்த ஈயம் மட்டும் புத்தம் புதிதாக மின்னியது. செட்டப்புக்கு அங்கே கைவைக்க வேலையே இல்லை.

நல்லவேளை, முன்பு ஸ்விட்சைச் சுத்தம் செய்யத் திறந்தபோது நான் படம் எடுத்து வைத்திருந்தேன். எது எந்த இடம் என்று குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றின் அடியிலும் பச்சை மார்க்கரில் எழுதியும் இருந்தேன். படத்தைக் காட்டும்வரை "வந்தப்பவே இதான் சார் இருந்துச்சு" என்று சாதித்தவர், காட்டியதும் "பையன் மாத்திட்டான் போல" என்று இறங்கினார். அந்தப் பையன் ஊருக்குப் போய்விட்டானாம். டிராயரிலிருந்து நெக் பிக்கப்பும் பிரிட்ஜ் பிக்கப்பும் வெளியே வந்தன. நடு பிக்கப் "எங்க போச்சுன்னே தெரில". ஃப்ரெட் வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஃப்ரெட்டுகளின் உச்சியை மட்டமாகத் தேய்த்துவிட்டு, மறுபடி வளைவாக்காமலே விட்டிருக்கிறார்கள். அதற்கும் முழுக் காசு.

கொடுக்கும் முன் ஒரு மல்டிமீட்டர் எடுங்கள், ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சாதாரண மீட்டர் போதும். கிட்டாரில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்க வைத்து, மறுமுனை பிளக்கின் நுனிக்கும் தண்டுக்கும் இடையே 20 கிலோ ஓம் ரேஞ்சில் ஐந்து நிலையையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராட்டில் தனி பிக்கப் ஆறு கிலோ ஓம் பக்கம் காட்டும், 2-லும் 4-லும் அதில் பாதி. ஏசி அறையில் ஒரு அளவு, மதிய வெயிலில் ஒரு அளவு வரும், செம்பு அப்படித்தான், அந்தச் சின்ன வித்தியாசத்துக்குப் பதற வேண்டாம். மீட்டரை மட்டும் நம்பவும் முடியாது, செராமிக்கும் இதே அளவைக் காட்டலாம். ஆகவே உள்ளே திறந்து படம் எடுப்பதுதான் முக்கியம். பில்லில் "கிட்டார் 1, கறுப்பு" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சீரியல் எண்ணோடு பிக்கப் விவரமும் எழுதச் சொல்லுங்கள். சீரியல் எண் மட்டும் இருந்தால் போதாது, அது கழுத்துக்குத்தான் சாட்சி சொல்லும்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், கடையிலிருந்து உருப்படியான பதில் இல்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

நடு பிக்கப் இன்னும் வரவில்லை. அண்மையில் சென்னையில் யாராவது "பெட்டி இல்லாத ஒரிஜினல்" என்று ஒற்றை ஃபெண்டர் பிக்கப் வாங்கியிருந்தால் அடியில் திருப்பிப் பாருங்கள். பச்சை மையில் "நடு" என்று இருந்தால் எனக்கு எழுதுங்கள், நீங்கள் கொடுத்த காசைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.