முரடா, அழுகுணியா, வஞ்சகமா?

2017 மே 14, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வின் மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் முதல் ஆட்டம். மூன்றாம் கால் பகுதியில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியை அதன் சொந்த அரங்கத்திலேயே 78-55 என்று சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி புரட்டி எடுத்துக்கொண்டிருந்தது. பந்தை வாங்கிய ஸ்பர்ஸின் காவாய் லெனார்ட் எழும்பி எறிகிறார். தடுக்க ஓடிவருகிறார் வாரியர்ஸின் சாசா பச்சூலியா. அவர் கை உயர்வதற்குள் பந்து லெனார்டின் விரல்களை விட்டுப் போய்விட்டது. பச்சூலியா அங்கேயே நின்றிருக்கலாம். நிற்காமல் இன்னோர் அடி வைக்கிறார். பாதம் மேலும் முன்னே நழுவுகிறது. வளையத்தைப் பார்த்தபடியே இறங்கும் லெனார்டுக்குத் தரை இருக்க வேண்டிய இடத்தில் இன்னொருவரின் காலணி இருக்கிறது. முந்தைய தொடரிலேயே அடிபட்டிருந்த கணுக்கால் மடிந்தது. நடுவர் கொடுத்தது சாதாரண ஃபவுல். லெனார்ட் வெளியேறியதும் வாரியர்ஸ் எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் அடுத்தடுத்து 18 புள்ளிகளைக் குவித்து, கடைசியில் 113-111 என்று வென்றது. அதன் பிறகு லெனார்ட் அத்தொடரில் ஆடவேயில்லை. ஸ்பர்ஸ் 4-0 என்று தோற்றது.

யாரும் யாரையும் குத்தவில்லை, தள்ளவில்லை. ஆனாலும் நான் பார்த்த ஆட்டங்களில் மோசமான செயல் எது என்று கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

ஆங்கிலத்தில் எல்லாக் கெட்ட ஆட்டத்தையும் அழுக்கு என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். முழங்கையால் இடிப்பவரும் பொய்யாக விழுபவரும் காலடியில் கால் வைப்பவரும் அதற்குள் ஒன்றாகிவிடுகிறார்கள். விவாதம் குழம்புவதற்குப் பாதிக் காரணம் இது. சின்ன வயதில் விளையாடியபோது நாம் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் வைத்திருந்தோம். ஒருவன் முரட்டு ஆட்டம் ஆடுவான், ஒருவன் அழுகுணி ஆட்டம் ஆடுவான், ஒருவன் வஞ்சகம் செய்வான். முரடனோடு மறுநாளும் விளையாடுவோம். அழுகுணியைத் திட்டிக்கொண்டே சேர்த்துக்கொள்வோம். வஞ்சகனை மட்டும் சேர்க்க மாட்டோம். தொழில்முறைக் கூடைப்பந்தையும் இந்த மூன்று தட்டுகளில் வைத்துத்தான் நிறுக்க வேண்டும் என்பது என் கட்சி.

முரட்டு ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது கண்ணுக்கு நேரே நடக்கிறது. வளையத்தின் அருகே இடம் பிடிக்க முதுகால் முட்டித் தள்ளுவது, எதிராளியின் வழியை மறித்து ஸ்கிரீன் வைக்கும்போது சுவர்போல நின்று வருபவரை நெஞ்சில் வாங்குவது, வளையத்தை ஒட்டி எழும்பிப் போடும் எளிதான லேஅப்பை விட்டுக்கொடுக்காமல் இரண்டு கைகளையும் பிடித்து நிறுத்துவது. வலிக்கும். ஆனால் அடிபடுபவரின் கால் தரையில் இருக்கிறது, எதிராளி எங்கே இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். அடித்தவர் ஃபவுலை ஏற்றுக்கொண்டு கையைத் தூக்குகிறார். விலை கொடுத்து வாங்கிய அடி.

சிக்கல் அந்தப் பழைய காலத்தைப் பற்றிய பெருமையில் இருக்கிறது. எண்பதுகளில்தான் ஆண்பிள்ளைகள் ஆடினார்கள், இப்போது தொட்டாலே விசில் என்று அலுத்துக்கொள்பவர்கள் தவறாமல் காட்டும் காட்சி, 1984 இறுதித் தொடரின் நான்காம் ஆட்டம். லேக்கர்ஸின் கர்ட் ராம்பிஸ் வேகமாக வந்து லேஅப்புக்கு எழும்புகிறார். செல்டிக்ஸின் கெவின் மெக்ஹேல் கையை அவர் கழுத்துக்குக் குறுக்கே வீசி அப்படியே தரையில் சாய்க்கிறார். மெக்ஹேல் வெளியேற்றப்படவில்லை. செல்டிக்ஸ் அந்த ஆட்டத்தையும் வென்றது, பட்டத்தையும் வென்றது. இதைத்தான் ஆட்டத்தின் போக்கை மாற்றிய வீரம் என்று இன்றும் சொல்கிறார்கள். ராம்பிஸ் அப்போது காற்றில் இருந்தார். கையை ஊன்றவோ தலையைக் காக்கவோ அவருக்கு நேரமில்லை. எழுந்து ஆடினார் என்பது அவருடைய அதிர்ஷ்டம், மெக்ஹேலின் பெருந்தன்மை அல்ல. முரட்டு வேடம் போட்ட வஞ்சகம் அது. 1989, 1990 ஆகிய இரு ஆண்டுகளிலும் பட்டம் வென்ற டெட்ராய்ட் பிஸ்டன்ஸைப் பற்றிய வீரக் கதைகளிலும் இதே கலப்படம் உண்டு. அப்பட்டமான அத்துமீறலுக்கு ஃப்ளேக்ரண்ட் ஃபவுல் என்று தனி விதி 1990-91 பருவத்தில்தான் வந்தது.

ராம்பிஸுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. 2022 பிளேஆஃப் தொடரில், அதாவது பட்டத்துக்கான வெளியேற்றச் சுற்றில், மெம்பிஸின் டில்லன் புரூக்ஸ், லேஅப்புக்குப் போன வாரியர்ஸின் இரண்டாம் கேரி பேட்டனைப் பின்னாலிருந்து வந்து தலையில் அடித்தார். பேட்டன் விழுந்ததில் முழங்கை எலும்பு முறிந்தது. புரூக்ஸுக்கு வெளியேற்றமும் ஓர் ஆட்டத் தடையும். புரூக்ஸ் எழுதப்படாத நெறியை மீறிவிட்டார் என்று கொதித்தார் வாரியர்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர். எனக்கும் அதே கருத்துதான். காற்றில் இருப்பவரைத் தொடாதே என்ற அந்த நெறி 1984-இலும் இருந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

அடுத்தது அழுகுணி. இதைப் பார்த்தால் எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் வரும். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தான ரீபவுண்டுக்காகக் காத்திருக்கும்போது ஒரு பழைய தந்திரம் உண்டு. பின்னால் நிற்பவரின் கையைத் தன் அக்குளில் இடுக்கிக்கொள்வார். பிறகு முன்பக்கமாகக் குனிந்து, ஐயோ இழுக்கிறாரே என்பதுபோல் நடுவரைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். நடுவர் கண்ணுக்குப் பின்னால் இருப்பவர்தான் முதுகில் தொங்குவதுபோல் தெரியும். விசில் ஊதியதும் கையை விடுவித்துவிட்டு ஒன்றும் அறியாதவராய் நடந்துபோவார். நடிப்பு விருது கொடுக்கலாம்.

பொய்யாக விழுவதற்கு 2012-13 பருவத்திலிருந்து அபராதம் உண்டு. முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை 5,000 டாலர், ஐந்தாம் முறை 30,000 டாலர் என்று தொடக்கத்தில் அது ஏறியது. கோடிகளில் சம்பளம் வாங்குபவருக்கு இது கொசுக்கடி. 2023-24 முதல் ஆட்டத்தின் நடுவிலேயே ஒழுங்கீனத்துக்கான டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்து, எதிரணிக்குத் தடுப்பாரில்லாமல் எறியும் ஒரு ஃப்ரீ த்ரோ தருகிறார்கள். இது கொஞ்சம் உறைக்கிறது. எறிபவர் வேண்டுமென்றே தடுப்பவர்மேல் சாய்ந்து ஃபவுல் வாங்கும் கலைக்கும் 2021-22-இல் கடிவாளம் போட்டார்கள்.

அழுகுணி திருடுவது புள்ளியைத்தான், உடம்பை அல்ல. ரசிகர்களின் வெறுப்புப் பட்டியலில் இவர்கள் முழங்கைக்காரர்களுக்கும் மேலே இருப்பது எனக்கு என்றும் விளங்கியதில்லை. ஒரே விதிவிலக்கு, எறிந்துவிட்டு இறங்கும்போது காலை முன்னே உதைத்து நீட்டுபவர்கள். ரெஜி மில்லர் இதில் பெயர் போனவர். பச்சூலியா விவகாரத்துக்குப் பிறகு, எறிபவர் இறங்கும் இடத்தில் அலட்சியமாகக் காலை நுழைத்தால் ஃப்ளேக்ரண்ட் என்று 2017-18-இல் விதியை இறுக்கினார்கள் அல்லவா? அந்தப் பாதுகாப்பையே தூண்டிலாக்கி, காலை அகல வைத்து இறங்கினால் தடுப்பவர் தானாக மாட்டுவார். வஞ்சகத்துக்கு எதிராக வந்த விதியில் அழுகுணி குடியேறிய கதை.

வஞ்சகத்துக்கு வருவோம். இதை அளக்க மூன்று அளவுகோல்கள் புழங்குகின்றன, மூன்றும் ஒன்றோடொன்று மோதுபவை.

முதலாவது நோக்கம். வேண்டுமென்றே செய்தாரா? நியாயமான கேள்விதான், ஆனால் பதில் கிடைக்காது. 2015-இல் செல்டிக்ஸின் கெல்லி ஒலினிக், தரையில் ஓடிய பந்துக்கான இழுபறியில் கெவின் லவ்வின் கையைப் பிடித்து இழுத்தபடி ஓடினார். லவ்வின் தோள் மூட்டு விலகியது. வேண்டுமென்றே செய்தார் என்றார் லவ், இல்லை என்றார் ஒலினிக். ரீப்ளேயை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெளியும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை முயன்று பாருங்கள். மெதுவாக ஓட்டினால் எல்லாமே திட்டமிட்டதாகத் தெரியும். அரை நொடியில் நடந்ததை ஐந்து நொடிக்கு நீட்டினால், யோசிக்க நேரமே இல்லாதவருக்கும் யோசிக்க நேரம் இருந்ததுபோல் ஆகிவிடும். என்.பி.ஏ. விதியும் ஃப்ளேக்ரண்டில் மனத்துக்குள் புகுவதில்லை. மோதல் தேவையற்றதா, அதற்கும் மேல் அளவு கடந்ததா என்றுதான் பார்க்கிறது. பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிபா, பந்துக்காக நேர்மையாக முயன்றாரா என்று கேட்கிறது. நோக்கத்துக்கு ஓரடி நெருக்கமான கேள்வி, அதனாலேயே நடுவருக்குக் கடினமான கேள்வியும்.

இரண்டாவது காயம். ரசிகர்கள் உடனே எடுப்பது இதைத்தான். 2013-இல் ஹூஸ்டனின் பேட்ரிக் பெவர்லி, டைம் அவுட் கேட்க எத்தனித்த ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கிடமிருந்து பந்தைத் தட்டப் பாய்ந்து முழங்காலில் மோதினார். குருத்தெலும்பு கிழிந்து வெஸ்ட்புரூக்கின் பருவம் முடிந்தது. ஆனால் விசில் ஊதவில்லை, பந்து ஆட்டத்தில் இருந்தது, பெவர்லி பாய்ந்தது பந்துக்கு. காயத்தை வைத்து அவரை வஞ்சகர் என்றால், அதே வேகத்தில் பாய்ந்து நூலிழையில் தவறியவர்களை என்னவென்று சொல்வது?

நான் பிடித்துக்கொள்வது மூன்றாவதை: அடிபட்டவருக்குத் தன்னைக் காத்துக்கொள்ள வழி இருந்ததா? காற்றில் இருப்பவர், முதுகு காட்டி நிற்பவர், கை மாட்டிக்கொண்டவர், இவர்களுக்கு அந்த வழி இல்லை. லெனார்ட், ராம்பிஸ், பேட்டன், லவ் நால்வரும் இதில் அடங்குவார்கள். நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, காயம் ஏற்பட வேண்டும் என்பதும் இல்லை. வெஸ்ட்புரூக் விஷயத்தில் என் அளவுகோல் சற்று ஆடுகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவரும் அந்த மோதலை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் தரையில் இருந்தார், பந்து அவர் கையில் இருந்தது. பெவர்லியை முரடு என்ற தட்டிலேயே விட்டுவைக்கிறேன்.

தண்டனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இன்னொரு வேடிக்கை தெரியும். பெரும்பாலும் சத்தத்துக்குத்தான் தண்டனை கிடைக்கிறது. 2016 இறுதித் தொடரில் வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன், தன்மேல் ஏறித் தாண்டிய லெப்ரான் ஜேம்ஸின் இடுப்புக்குக் கீழே கையை வீசினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஏற்கெனவே சேர்ந்திருந்த ஃப்ளேக்ரண்ட் தண்டனைப் புள்ளிகளோடு இதுவும் சேர, ஐந்தாம் ஆட்டத்தில் அவருக்குத் தடை. 3-1 என்று முன்னிலையில் இருந்த வாரியர்ஸ் பட்டத்தையே இழந்தது. லெனார்டின் பருவத்தை முடித்த பச்சூலியாவுக்கு ஒரு நாள் தடைகூட இல்லை.

இதைவிடக் கசப்பானது 2007. ஃபீனிக்ஸ் சன்ஸுக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் நான்காம் ஆட்டத்தின் கடைசி நொடிகளில், தோற்றுக்கொண்டிருந்த ஸ்பர்ஸின் ராபர்ட் ஹாரி, ஓடிவந்த ஸ்டீவ் நாஷை இடுப்பால் இடித்து ஓரத்து மேசைமேல் சாய்த்தார். ஹாரிக்கு இரண்டு ஆட்டத் தடை. பதறி பெஞ்சிலிருந்து எழுந்து சில அடிகள் முன்னே வந்த அமாரே ஸ்டவுடமையருக்கும் போரிஸ் டியாவுக்கும் ஆளுக்கு ஓர் ஆட்டத் தடை, ஏனென்றால் சண்டையின்போது பெஞ்சை விட்டு வரக் கூடாது என்பது விதி. யாரையும் தொடாத இருவரையும் இழந்த சன்ஸ் ஐந்தாம் ஆட்டத்தை 88-85 என்று தோற்றது, பிறகு தொடரையும் தோற்றது. இடித்த அணிக்கு லாபம், இடிபட்ட அணியின் கணக்கில் நஷ்டம்.

லெனார்ட் விழுந்த பிறகு ஸ்பர்ஸ் பயிற்சியாளர் கிரெக் போப்போவிச் பத்திரிகையாளர்களிடம் பொரிந்து தள்ளினார். நோக்கம் இருந்ததா இல்லையா என்பது பொருட்டே இல்லை என்றார். வண்டி ஓட்டும்போது கைபேசியில் தட்டிக்கொண்டிருந்து ஒருவரைக் கொன்றவர், கொல்ல நினைக்கவில்லை என்றாலும் சிறைக்குத்தானே போகிறார் என்று கேட்டார். என் மூன்றாவது அளவுகோலுக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்க மாட்டார்.

அதே போப்போவிச்சின் அணியில் 2001 முதல் 2009 வரை புரூஸ் போவன் இருந்தார். அங்கே மூன்று பட்டங்கள், ஆட்ட வாழ்க்கை முழுவதிலும் எட்டு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் பட்டியலில் இடம். எறிபவர் இறங்கும் இடத்தில் கால் வைப்பவர் என்று எதிரணியினர் ஆண்டுக்கணக்கில் குமுறியது இவரைப் பற்றித்தான். 2008-இல் கிறிஸ் பாலை உதைத்ததற்காக ஓர் ஆட்டத் தடை விதிக்கப்பட்டபோது, தொடர்ந்து 500 ஆட்டங்கள் ஆடியிருந்த அவருடைய வரிசை அறுந்தது. அத்தனை ஆட்டத்திலும் அவருடைய கணுக்கால் மட்டும் பத்திரமாக இருந்திருக்கிறது. 2012-இல் அவருடைய 12-ஆம் எண்ணுக்கு மரியாதையாக ஓய்வு கொடுத்து, சட்டையை அரங்கத்தின் கூரையில் ஏற்றினார்கள்.