எட்டு–நான்கா, ஆறு–மூன்று–மூன்றா?

1909-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைக்கான தனிப் பள்ளியாக, இண்டியானோலா ஜூனியர் ஹைஸ்கூல் தொடங்கியது. 1910-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரும் அவ்வழியில் இறங்கியது. எட்டாண்டுத் தொடக்கப் பள்ளியும் நான்காண்டு உயர்நிலைப் பள்ளியும் கொண்ட பழைய ஏற்பாட்டை, ஆறாண்டுத் தொடக்கப் பள்ளி, மூன்றாண்டு ஜூனியர் ஹைஸ்கூல், மூன்றாண்டு உயர்நிலைப் பள்ளி என மாற்றலாமா என்று தயங்கிய ஊர்கள் எடைபோட வேண்டியிருந்தவை இவை.

ஆசிரியர்கள்
பழையது: ஏழாம், எட்டாம் வகுப்புகளில் பெரும்பாலும் ஒருவரே எல்லாப் பாடங்களையும் நடத்தினார், பிள்ளைகளை நன்கறிவார், அறிவியலில் தடுமாறக்கூடும்.
புதியது: பாடத்துக்கு ஓர் ஆசிரியர், மணி அடித்ததும் மாணவர்கள் அறை மாறுவர். தொடக்கப் பள்ளி அனுபவமுள்ளோரையும் கல்லூரிப் பட்டதாரிகளையும் ஒரே கூரையின்கீழ் இணக்கமாக வைத்திருப்பதுதான், என் கணிப்பில், தலைமையாசிரியரின் உண்மையான தலைவலி.

தேர்ச்சி
பழையது: தோற்றால் முழு வகுப்பையும் திரும்பப் படிக்க வேண்டும்.
புதியது: கணிதத்தில் தோற்றவர் கணிதத்தை மட்டும் மீண்டும் படிக்கலாம். இந்த ஒரு சலுகையே பலரைப் பள்ளியில் தக்கவைத்திருக்கும்.

செலவு
பழையது: குறைவு.
புதியது: பட்டறை, சமையல்கலைக் கூடம், கூடுதல் ஆசிரியர்கள்.

மாணவர் குறைந்த கிராமத்துக்குப் பழைய முறையே பொருந்தும். உயர்நிலைப் பள்ளியில் இடநெருக்கடி முற்றிய, பெர்க்லி போன்ற வளரும் நகரத்துக்குப் புதியதே ஏற்றது.