வாய்க்கால் சேதிக்கு வாட்ஸ்அப்பா, டெலிகிராமா?

வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் எங்கள் வாய்க்கால் வாட்ஸ்அப் குழுவுக்குத் தூக்கம் கிடையாது. மேட்டூரில் எத்தனை அடி, கல்லணை எப்போது திறப்பு, வெண்ணாற்றில் எவ்வளவு விடுகிறார்கள் என்று போன் கத்திக்கொண்டே இருக்கும். நாங்கள் மன்னார்குடிப் பக்கம், வாய்க்கால் முடியும் இடத்துக் கடைமடைக்காரர்கள். திறந்த சேதி உடனே வந்துவிடும். தண்ணீர்தான் நிதானமாக வரும்.

போன குறுவை நெல் சாகுபடியில் ஒரு ராத்திரி, ‘நாளை விடியற்காலை நாலு மணிக்குக் கீழ்மடைக்குத் தண்ணீர் முறை’ என்று ஒருவர் குழுவில் போட்டார். விடிந்து பார்த்தால் அதற்குக் கீழே வரிசையாகக் காலை வணக்கம், இரண்டு முருகன், ஒரு பிறந்தநாள் கேக். சித்தப்பா எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி முறையைக் கண்டுபிடித்தபோது மணி ஏழு. தண்ணீர் அடுத்த வயலில் நின்றது. சரி, அட்மின் மட்டும் பதிவிடலாம் என்று மாற்றினோம். “எங்க வாயெல்லாம் கட்டிட்டீங்களா?” என்று கிளம்பிய சண்டையில் இரண்டே நாளில் பழையபடி திறந்துவிட்டோம்.

அப்புறம்தான் டெலிகிராம். “அதுலதான் புதுப்படம் வருமாமே?” என்பதுதான் ஊரில் அதற்கு இருந்த பெயர். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர், டெலிகிராமில் 2 லட்சம் பேர் என்று ஒப்பிடுவார்கள். அறுபது சொச்சம் வீட்டுக்கு அந்தக் கணக்கு எதற்கு? எனக்குப் பிடித்தது வேறு. அங்கே போட்டது அவர்கள் சர்வரிலேயே கிடக்கும். தம்பியின் போன் போர்செட் தொட்டியில் விழுந்தபோது, பேக்கப் எடுக்காததால் வாட்ஸ்அப்பில் இருந்த படமெல்லாம் போயிற்று. டெலிகிராமில் பழைய நம்பரைக் கொடுத்து நுழைந்ததும் பயிர்க் காப்பீட்டு ரசீது, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. எழுதித் தரும் அடங்கல் எல்லாம் அப்படியே இருந்தன.

வாட்ஸ்அப்பில் இன்னொரு தொல்லை, படத்தைச் சுருக்கிவிடும். ஒருமுறை சித்தப்பா அனுப்பிய அடங்கலில் சர்வே நம்பரின் கடைசி எண் 3ஆ 8ஆ என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். படமாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் தெளிவாக வரும். இதைச் சொல்லிக்கொடுத்த ஒரு வாரத்தில் எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

ஆனால் டெலிகிராமைக் கண்ணை மூடி நம்ப மாட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்புபவர், பெறுபவர் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாத பூட்டு தானாகவே விழுந்துவிடும். டெலிகிராமில் ரகசிய உரையாடலுக்கு மட்டும்தான் அது, குழுவுக்குக் கிடையாது. கொள்முதல் நிலையத்தில் நெல் போடும் சமயத்தில் ஆதாரும் பாஸ்புக் முதல் பக்கமும் ஆளுக்கு ஆள் பறக்குமே, அதையெல்லாம் அங்கே போடாதீர்கள். முன்பின் தெரியாதவர்கள் நம்மைப் பங்குச் சந்தைக் குழுக்களில் சேர்த்துவிடுவதும் உண்டு. செட்டிங்கில் ‘தொடர்பில் உள்ளவர்கள் மட்டும்’ என்று மாற்றினால் பெரும்பாலும் நிற்கும்.

பூட்டுதான் முக்கியம் என்றால் சிக்னல் என்ற செயலி. லாப நோக்கமில்லாத அறக்கட்டளை நடத்துவது, மூல நிரல் யாரும் பார்க்கலாம், விளம்பரம் கிடையாது. வாட்ஸ்அப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டனே 2018இல் அந்த அறக்கட்டளையைத் தொடங்கியவர்களில் ஒருவர். குறை ஒன்றுதான்: எங்கள் ஊரில் அதை வைத்திருப்பது நான் மட்டும். சென்னையில் இருக்கும் அக்கா மகனுக்கு ஆதார் அனுப்பத்தான் திறக்கிறேன்.

ஃபேஸ்புக் இந்தப் போட்டியிலேயே இல்லை. தன் இஷ்டத்துக்கு வரிசை போடும். வாய்க்கால் வற்றிய பிறகு ‘தண்ணி வந்தாச்சு’ என்று காட்டும்.

கடைசியில் டெலிகிராமுக்கு வந்தது பத்தொன்பது பேர். அதனால் முறைச் சேதி வாட்ஸ்அப்பில், காகிதமெல்லாம் டெலிகிராமில் என்று பிரித்துக்கொண்டோம். சித்தப்பா இரண்டிலும் இருக்கிறார், இரண்டையும் பார்ப்பதில்லை. முறை மாறினால் அவருக்கு மட்டும் போன் அடித்துச் சொல்லிவிடுகிறேன்.